உதைதாங்கி: ஓர் உறுப்பும் அதற்கான தமிழும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் பின்னுதைப்பைத் தாங்கும் ஓர் உறுப்பு உண்டு. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு துப்பாக்கியோடு இசைவிப்பது என்பதே பொருள். மொழி மன்றத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. ஒரு மொழி வளர்ந்திருக்கிறதா என்பதைப் பாட்டிலும் கதையிலும் மட்டும் சோதித்தால் போதாது. ஓர் இயந்திரம் ஏன் பழுதாகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று அம்மொழியில் விளக்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அச்சோதனைக்கு இந்தச் சிறு உறுப்பு மிகவும் ஏற்றது. சில நூறு கிராம்கூட இல்லாத அவ்வுறுப்பு பொருந்தாமற்போனதும் மனிதர் இறந்ததற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று.

தஞ்சோங் மாலிமுக்குத் துப்பாக்கி புதிதன்று. 1952 மார்ச் 25 அன்று, இவ்வூருக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினர் வழிமறித்துச் சுடப்பட்டனர், பன்னிருவர் உயிரிழந்தனர். அடுத்த சில நாள்களில் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து, ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். காட்டிலிருந்து வந்த துப்பாக்கிக்கும் அரசின் துப்பாக்கிக்கும் இடையில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆகவே இக்கருவியைப் புகழ்வது நம் நோக்கமன்று. இந்நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் இதனை எத்துணை இறுக்கமாகக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும் நாம் அறிவோம். இருப்பினும் அஞ்சத்தக்க ஒன்றையும் அறிந்தே அஞ்சுவது நல்லது.

முதலில் பின்னுதைப்பு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். குண்டு முன்னோக்கிப் பாயும்போது, அது பெறும் உந்தத்துக்கு ஈடான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. நெருக்கடிக் காலத்தில் மலாயாக் காடுகளில் பெரிதும் புழங்கிய குறுந்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லீ என்ஃபீல்டு வகையின் ஐந்தாம் எண் துப்பாக்கி அது. 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் பெற்றது. அதற்கு மூத்த நான்காம் எண் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4.1 கிலோகிராம். காட்டில் தூக்கித் திரிய எளிதாக இருக்கட்டும் என்று ஐந்தாம் எண்ணின் எடையை ஏறத்தாழ 3.2 கிலோகிராமாகக் குறைத்தனர். தோட்டாவோ அதே பழைய தோட்டா. குண்டின் பங்கை மட்டும் கணக்கிட்டால், மூத்த துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். இளையது இரண்டரை மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். வெடிமருந்து வளியின் பங்கு இதற்கு மேல். தூக்குவதற்கு இலேசான துப்பாக்கி தோளுக்குச் சுமையாயிற்று.

இதற்கு மாற்றாக அதன் கட்டையின் முடிவில் ஒரு ரப்பர்த் திண்டைப் பொருத்தினர். ரப்பர் உந்தத்தை விழுங்கிவிடுவதில்லை. தோளுக்கு வந்து சேர வேண்டிய மொத்த உந்தம் வந்தே தீரும். அது வந்து சேரும் நேரத்தைச் சற்று நீட்டுவதும் அதனை அகலமான இடத்தில் பரப்புவதுமே திண்டின் பணி. ஐந்தாம் எண் துப்பாக்கியின் திண்டோ கட்டையைவிடக் குறுகலாக இருந்தது. அதனால் பரப்புவதற்கு மாறாக உதையை ஒரே இடத்தில் குவித்தது. போதாக்குறைக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிக் கட்டையாகிவிட்டது. தாங்க வேண்டிய உறுப்பே தாக்கும் உறுப்பாயிற்று. ரப்பர் நாள்பட்டால் என்ன ஆகும் என்பதை ரப்பர்த் தோட்டத்து மக்களாகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உதையைத் தாங்குவது என்ற கருத்தும் நம் முன்னோர்க்குப் புதிதன்று. இருபுறமும் பால்வாளி தொங்கக் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள் அவர்கள். கம்பு சற்றும் வளையாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் தோளில் வெட்டு விழும். அளவுக்கு மீறி வளைந்தால் வாளி துள்ளிப் பால் சிந்தும். வாளியின் எடை, கம்பின் வளைவு, நடையின் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். நல்ல கம்பு என்று தனியாக ஒன்றில்லை. இந்தச் சுமைக்கும் இந்த நடைக்கும் நல்ல கம்பு என்றே உண்டு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி வருவது எளிதில் விளங்கும்.

தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் பின்னுதைப்புக்குத் தோளைத் தாக்குவதோடு வேறொரு கணக்கும் உண்டு. வெடிமருந்து வளியின் ஒரு பங்கு, குழலில் உள்ள சிறு துளை வழியே எடுக்கப்பட்டு, தாழையும் அதனைச் சுமக்கும் சட்டத்தையும் பின்னோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துத் தாழ்த்தொகுதி என்போம். அது பின்னே சென்று வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது, சுருள்வில்லை அமுக்குகிறது, வில் மீள்கையில் முன்னே வந்து புதுத் தோட்டாவை வெடியறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. இவையெல்லாம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகின்றன. தள்ளும் வளி, நகரும் எடை, மீட்கும் வில் ஆகிய மூன்றும் இசைந்தால் துப்பாக்கி இயங்கும், இசையாவிட்டால் சிக்கும்.

1960களில் மலேசியப் படையினர் கையில் இருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில், இவ்விசைவைத் தள்ளும் வளியின் பக்கமிருந்து செய்தனர். அதில் வளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வளையம் உண்டு. முதலில் வளி பெரும்பாலும் வெளியேறிவிடும்படி வளையத்தைத் திறந்துவிட வேண்டும். பின்னர் ஒற்றைத் தோட்டாவாகச் சுட்டுச் சுட்டு, ஒவ்வொரு படியாக மூடிவர வேண்டும். துப்பாக்கி சீராக இயங்கும் நிலை வரும். அந்நிலைக்கு மேல் இரண்டொரு படி கூட்டி நிறுத்திவிட வேண்டும். இயங்குவதற்குப் போதிய அளவும், அழுக்கு சேர்ந்த நாளுக்காகச் சிறிது மிச்சமும் என்பதே இம்முறையின் சாரம். அதற்கு மேல் தரும் வளியெல்லாம் துப்பாக்கியையும் தோளையும் அடிக்கவே பயன்படும்.

1970களில் நம் படையினர் ஏந்திய எம்-16 துப்பாக்கியில் அத்தகைய வளையம் இல்லை. வளித்துளையின் அளவு ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. எஞ்சியிருப்பவை எடையும் வில்லுமே. கட்டைக்குள் இருக்கும் நீண்ட குழாயில் சுருள்வில்லும், அதன் முனையில் உருளை வடிவான ஓர் உறுப்பும் உள்ளன. ஆங்கிலத்தில் 'பஃபர்' எனப்படும் அவ்வுறுப்பே நம் பேச்சின் நாயகன். இப்போதைக்கு அதனை உதைதாங்கி என்று அழைப்போம். பெயரைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

உதைதாங்கிக்கு மூன்று பணிகள் உண்டு. தாழ்த்தொகுதியோடு சேர்ந்து நகர்ந்து அதன் எடையைக் கூட்டி வேகத்தைத் தணிப்பது முதற்பணி. பின்னோட்டத்தின் முடிவில் உலோகம் உலோகத்தோடு மோதாதபடி தன் மென்முனையால் தடுப்பது இரண்டாம் பணி. மூன்றாம் பணியே நுட்பமானது. தாழ்த்தொகுதி வில்லின் விசையால் முன்னே வந்து மோதும்போது, கல்லில் அடித்த சுத்தியல் துள்ளுவதுபோல் சற்றே பின்துள்ளும். அத்துள்ளலின்போது அடிமுள் விழுந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். இதனைத் தடுக்க உதைதாங்கிக்குள் தனித்தனியாக நகரும் எடைகளை இட்டு, அவற்றுக்கிடையே ரப்பர் வில்லைகளை வைத்தனர். தொகுதி நின்ற மறுகணம் இவ்வெடைகள் பின்தொடர்ந்து வந்து மோதித் துள்ளலை அடக்கிவிடுகின்றன. உள்ளே ஈயக்குண்டுகள் இட்ட துள்ளாச் சுத்தியலைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம்தான்.

இந்த நுட்பம் தொடக்கத்திலேயே அமைந்துவிடவில்லை. எம்-16 போர்க்களத்துக்குச் சென்றபோது, அதன் உதைதாங்கி எடை குறைந்ததாகவும் உள்ளே நகரும் எடைகள் இல்லாததாகவும் இருந்தது. துப்பாக்கியை வடிவமைத்தபோது கருதிய வெடிமருந்து வேறு; படைக்குப் பெருமளவில் வழங்கிய தோட்டாக்களில் இருந்த உருண்டைமணி மருந்து வேறு. புது மருந்து குழல்துளையருகே மிகுந்த அழுத்தத்தைத் தந்தது. தொடர்ந்து சுடும்போது நிமிடத்துக்கு 850 சுற்று என்றிருந்த மேல்வரம்பைத் தாண்டி, வேகம் 1000 வரை சென்றது. வேகம் கூடியதும் எல்லாம் முறை தவறின. வெற்றுக் கூடு வெடியறையிலிருந்து விடுபடுமுன்னே தாழ் அதனைப் பற்றி இழுத்தது. வெடியறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. இத்துப்பாக்கிக்குத் துப்புரவே தேவையில்லை என்ற தவறான எண்ணத்தால், துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் வழங்கப்படவில்லை. 1966லும் 1967லும் வியட்நாமில் சிக்கிய துப்பாக்கியோடு வீரர்கள் இறந்த செய்திகள் வீடுகளுக்கு எழுதிய மடல்கள் வழியே அமெரிக்க நாடாளுமன்றத்தை எட்டின. இக்கார்டு தலைமையிலான உட்குழு 1967இல் விசாரித்துக் கடுமையான அறிக்கை அளித்தது.

அப்போது செய்யப்பட்ட திருத்தங்களுள் ஒன்றுதான், நகரும் எடைகள் கொண்ட கனமான புது உதைதாங்கி. அது வேகத்தைத் தணித்தது, துள்ளலையும் அடக்கியது. ஆனால் அது மட்டுமே துப்பாக்கியைக் காப்பாற்றிவிடவில்லை. வெடியறைக்குக் குரோமியப் பூச்சு, துப்புரவுக் கருவி, பயிற்சி ஆகிய அனைத்தும் சேர்ந்தே நிலைமையைச் சீராக்கின. பழுதின் வேரைக் காணாமல் எடையை மட்டும் ஏற்றுகிறவன், காய்ச்சலின் காரணம் அறியாமல் ஈரத்துணியை மட்டும் போடுகிறவனைப் போன்றவன்.

இனித் தேர்வு முறையைக் காண்போம். எம்-16இன் குறுவடிவமாகிய எம்-4இல் உதைதாங்கியும் குட்டையானது. அதன் அடிப்படை எடை ஏறத்தாழ 85 கிராம். உள்ளே மூன்று எஃகு எடைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை டங்ஸ்டனாக மாற்றினால் மொத்தம் ஏறத்தாழ 108 கிராம் ஆகும். இரண்டை மாற்றினால் 130ஐ எட்டும். மூன்றையும் மாற்றினால் 155 வரை செல்லும். டங்ஸ்டன் எஃகைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது. அதனால் உறுப்பின் வடிவத்தைத் தொடாமலே எடையைக் கூட்ட முடிகிறது.

எந்த எடை ஏற்றது என்பதைத் துப்பாக்கியே சொல்லும்; கேட்கத் தெரிய வேண்டும். வெற்றுக் கூடு முன்பக்கமாக வெகுதூரம் பறந்தாலும், கூட்டின் விளிம்பு கிழிந்திருந்தாலும், உதை கூர்மையாக இருந்தாலும் தாழ்த்தொகுதி மிகை வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். பேழையின் வில் அடுத்த தோட்டாவை உயர்த்துமுன் தாழ் கடந்து போய்விடுவதும் இதனாலேயே. இவ்விடத்தில் கூடுதல் எடை உதவும். மாறாக, கூடு வலுவின்றிக் காலடியில் விழுந்தாலும், வெளியேறாமல் வாயிலில் சிக்கினாலும், கடைசித் தோட்டாவுக்குப் பின் தாழ் பின்னால் நிற்காவிட்டாலும், தொகுதி முழுத்தொலைவு ஓடவில்லை என்பது தெளிவு. வளி குறைவாக இருக்கலாம். அல்லது எடையோ வில்லோ மிகுதியாக இருக்கலாம்.

எடையைத் தொடுவதற்கு முன் மற்றவற்றை வரிசையாகப் பார்ப்பதே முறை. முதலில் துப்புரவு, அடுத்துத் தோட்டா, அதன்பின் வளி வரும் வழி, அதற்கும் பின் சுருள்வில். குறுவடிவத்தின் வில் தளர்நிலையில் ஏறத்தாழ 25.5 முதல் 28.5 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வில் சோர்ந்துவிட்டது, மாற்றுவதே வழி. சோர்ந்த வில்லுக்குக் கனமான உதைதாங்கியைத் துணைக்கு வைத்தால் வேகம் தணிந்ததுபோல் தோன்றும். ஆனால் அக்கனத்தை முன்னே தள்ளிப் பூட்டும் வலு வில்லுக்கு இராது. இவையெல்லாம் சரியாக இருந்த பின்னரே எடையை மாற்ற வேண்டும்; அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். எடை, வில் இரண்டையும் சேர்த்து மாற்றியவர்க்கு எது பயன் தந்தது என்பது ஒருபோதும் தெரியாது. இறுதியில் வலுக்குறைந்த தோட்டாவைக் கொண்டும், சற்றே அழுக்கேறிய நிலையிலும் சோதிக்க வேண்டும். நல்ல நாளில் மட்டும் இயங்கும் இசைவு இசைவாகாது.

இனிப் பெயருக்கு வருவோம். 'பஃபர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் துறைக்கொரு சொல் உண்டு. வேதியியலார் தாங்கல் கரைசல் என்றனர். கணினித் துறையினர் இடையகம் என்றனர். இதனைக் குழப்பம் என்று சிலர் வருந்துவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அமிலம் சேர்ந்தாலும் தன்மை மாறாமல் தாங்குவது ஒன்று. தரவை இடையில் வைத்திருப்பது மற்றொன்று. செய்யும் பணி வேறு. ஆகவே சொல்லும் வேறாயிற்று. துப்பாக்கியின் உறுப்பு உதையைத் தாங்குகிறது. எனவே உதைதாங்கி என்றோம். 'தன்னியக்கப் பின்னுதைப்பு விசைத் தணிப்பு உருளை' என்றும் ஒருவர் ஆக்கலாம், பிழையில்லை. ஆனால் அது கனம் மிகுந்த உதைதாங்கியைப் போன்றது, வாயிலேயே சிக்கிக்கொள்ளும். வெறும் 'பஃபர்' என்பதோ எடையற்றது. பொருளைப் பதிக்காமலே பறந்துவிடும். துப்பாக்கி, தோட்டா என்பனவே பிறமொழிகளிலிருந்து வந்து நம்மிடம் தங்கிய சொற்கள்தாம். ஆகவே வந்த சொல்லை வெறுக்க வேண்டியதில்லை. எந்தச் சொல்லைக் கேட்டதும் உறுப்பின் வேலை மனக்கண்ணில் தோன்றுகிறதோ அதனைக் கைக்கொள்வோம்.

இது புத்தகக் கவலையன்று. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியின் படைக்கலத் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. தமிழர் கைகள் அங்கே துப்பாக்கி உறுப்புகளைக் கடைந்து அரைநூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் ஊரிலோ 2003இல் புரோட்டோன் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. காரின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் அதிர்வு தாங்கியும் நாம் கண்ட உறுப்பின் உறவினன்தான்: வில்லும் தணிப்பும் எடையோடு இசைய வேண்டும் என்ற அதே கணக்கு. அதே 2003இல்தான் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கப்பட்டன. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். 2016இல் இருமொழித் திட்டம் வந்து அவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. கைகள் இயந்திரத்தை நெருங்கிய ஆண்டிலேயே நாவு அதனை விட்டு விலகியது. இது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

உந்தம் என்ற சொல்லைத் தமிழ்ப்பள்ளி மாணவன் அறிவான். அதனைத் தேர்வுத்தாளில் எழுதவும் செய்வான். அவனுடைய தந்தை பட்டறையில் மோட்டார் சைக்கிளின் 'அப்சர்பரை' மாற்றுகிறார். எந்த வில் சோர்ந்தது என்பதைக் கையால் அமுக்கியே கண்டுபிடிக்கிறார். மகனிடம் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. தந்தையிடம் பொருள் இருக்கிறது, சொல் இல்லை. இருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதே மொழி மன்றத்தின் பணி என்று நாம் கருதுகிறோம். இங்குள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. இன்று தமிழாசிரியர்களையும் உருவாக்குகிறது. அங்குப் பயிலும் இளைஞர்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பட்டறையில் நின்று, ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று கேட்டு, அதனைத் தமிழில் எழுதிவர வேண்டுகிறோம். எழுதியதை மறுவாரம் அந்தத் தொழிலாளரிடமே படித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கினால் அச்சொல் நிற்கும். அவர் நெற்றியைச் சுருக்கினால் எடையை மாற்றிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றாக.

இப்பேச்சின் தொடக்கத்தில் உதைதாங்கி என்ற சொல் உங்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். இப்போது அதன் உள்ளே மூன்று எடைகளும், இடையே ரப்பர் வில்லைகளும், அதன் பின்னே ஒரு சுருள்வில்லும் உங்கள் மனத்தில் தெரியுமானால், தமிழ் அவ்வுறுப்பைத் தாங்கிவிட்டது என்று கொள்வோம்.